பப்பாளி இலையும் புழுங்கல் அரிசியும்

கேள்வி: பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். டெங்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "எங்க பாட்டி பப்பாளி இலைச் சாறு குடுத்துதான் அண்ணனுக்குச் சரியாச்சு டீச்சர், டாக்டர் மருந்தே குடுக்கல" என்றாள். "அதெல்லாம் நிரூபிக்கப்படாதது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டதை நீங்கள் கவனித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பாட்டிக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் பத்து வயதுப் பிள்ளை பாட்டி பக்கம்தான் நிற்கும். நிற்கட்டும்.

உங்கள் பதிலில் ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. பப்பாளி இலைச் சாற்றை நம் நாட்டு ஆய்வாளர்களே டெங்கி நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். சாறு குடித்தவர்களுக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேகமாகக் கூடியதாகக் கண்டார்கள். தட்டணு கூடுவது ஒன்று, டெங்கி குணமாவது இன்னொன்று. இரண்டாவதை அந்தச் சோதனை காட்டவில்லை. டெங்கி வந்த பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். அதனால் அந்த அண்ணன் சாறு குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. வகுப்பில் பேச வேண்டியது இந்த "இருந்திருந்தால்" பற்றித்தான்.

இதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு கிண்ணத்தில் புழுங்கல் அரிசி, இன்னொன்றில் பச்சரிசி எடுத்துப்போய் மேசையில் வைப்பேன். மஞ்சள் ஓடிய அரிசி எது, வெள்ளை வெளேரென்ற அரிசி எது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம்தான் பெரிபெரி பற்றிச் சொல்வேன். கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய் அது. நூறு வருடங்களுக்கு முன்பு மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. தோட்டத்துத் தமிழர்களுக்கோ அபூர்வமாகத்தான் வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள், நம் ஆட்கள் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றார் அவர்.

கோலாலம்பூரில் இருந்த ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில், அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, அவர்களுக்கு வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்க் கட்டடத்துக்கு, அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றுதான். வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் வந்தது. இங்கே நிறுத்தி, "நீங்கள் ஃபிளெட்சராக இருந்தால் எதைச் சந்தேகப்படுவீர்கள்?" என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "அந்தக் கட்டடத்துல கிருமி இருந்தா?" என்று கேட்கும். என் வகுப்பில் கேட்காத வருடமே இல்லை. ஃபிளெட்சருக்கும் அதே சந்தேகம் வந்தது. பாதியில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றினார். நோய் அரிசியோடுதான் போனது.

உங்கள் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றாகவே வைக்க வேண்டியதை "கட்டுப்படுத்தப்பட்ட மாறி" என்று பயிற்றியில் எழுதுகிறார்களே, அது என்னவென்று அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும்.

பிராடன் கவனித்தது சரி, சொன்ன காரணம் தப்பு. அரிசியில் விஷம் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் வைட்டமின் பி1 தான் குறைந்திருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது, ஆனால் அவர்கள் சோறு பிள்ளைகளைக் காத்தது. இதை அந்த மாணவியைப் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டி ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கலாம், அது ஏன் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்று அவளுக்குப் புரியும். அந்தச் சோதனையில் மனிதர்கள் செத்ததையும் மறைக்காதீர்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது. பத்து வயதுக்கு இது புரியும்.

அடுத்த வாரம் வீட்டிலிருந்து காலி மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலிப் பெட்டி மட்டும், மாத்திரை ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. ஒவ்வொன்றிலும் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடட்டும். எண்ணுக்குப் பின்னால் 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. அதற்கு ஈயம், பாதரசம் போன்றவை கலந்திருக்கிறதா என்று பாதுகாப்பும் தரமும் பார்த்திருப்பார்கள். நோயைக் குணப்படுத்துமா என்று நவீன மருந்துக்குக் கேட்கும் அளவுக்குச் சான்று கேட்டிருக்க மாட்டார்கள். எந்த எண்ணுமே இல்லாத பெட்டி ஒன்றாவது வரும். பிள்ளையை வெட்கப்படுத்தாமல், அதில் பதிவு எண் இல்லை என்று வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் பாட்டிக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். சாறு கொடுப்பதைத் திட்டாதீர்கள், டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதே வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்குப் பனடோல் (பாரசிட்டமால்) போதும், அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது. பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அந்தப் பேத்தி கையிலேயே கொடுத்தனுப்புங்கள். பாட்டிக்கு அவளே படித்துக் காட்டட்டும்.