பதில்: வெங்காயத்தை ஒதுக்கினாலும் வயிறு உப்புகிறதே?

ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயிற்றுவலியும் உப்புசமும் தரும் குடல் கோளாறு) இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆட்களோடு பிரியாணிக் கடைக்குப் போகவேண்டும், வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கினாலும் வயிறு கல்லாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் பல வருடமாக இதே கதைதான்.

பொறுக்குவதில் பயனில்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டான்தான் வயிற்றை உப்பவைக்கிறது; செரிக்காமல் குடலில் வாயுவைக் கிளப்பும் ஒருவகை கார்போஹைட்ரேட் அது. தண்ணீரில் கரையும். கொதிக்கும்போதே சால்னாவில் இறங்கிவிடும். எண்ணெயில் கரையாது. அதனால்தான் பூண்டைப் பொரித்து எடுத்துவிட்ட எண்ணெய் சும்மா இருக்க, பூண்டு ரசம் படுத்தி எடுக்கிறது. தயிர்ப் பச்சடியோ இரட்டை அடி: பச்சை வெங்காயம், கூடவே தயிரிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை.

பிரியாணிக் கடையில் நான் கேட்பது வெள்ளைச் சோறும் வெங்காயமில்லாத ஆம்லெட்டும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். முட்டையை அடித்த பிறகு சொன்னால் சர்வர் முறைப்பார். கடையை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் சாதா தோசை, தேங்காய்ச் சட்னி. சாம்பார் வேண்டாம். வெளியே சாப்பிடப் போகிறோமே என்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள். காலி வயிற்றில் ஒரேயடியாக நிறையப் போட்டால் குடல் உடனே முறுக்க ஆரம்பிக்கும்.

அப்புறம், மலத்தில் ரத்தமோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால் அது ஐபிஎஸ் கணக்கில் வராது, டாக்டரைப் பாருங்கள்.