கோன் பில்டர் போட்ட கிளாசிக் 350: மெயின் ஜெட்டை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. காற்று பில்டர் இருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, மூடி இல்லாத கோன் பில்டரும் புகை தடையின்றிப் போகும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டேன். அதிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. சிக்னலில் எடுக்கும்போது ஒரு கணம் அமுங்கி, பிறகுதான் இழுக்கிறது. மெக்கானிக் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொல்கிறார். ஆன்லைனில் ஜெட் கிட்டும் பார்த்தேன். எதை வாங்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுமே மெயின் ஜெட் வேலை செய்கிற இடத்தில் வரவில்லை.

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள துண்டு. ஐடிலிங்கில் இருந்து ஆக்சிலேட்டரைக் கால் பங்கு முறுக்கும் வரை பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை நீடில் என்ற ஊசி. அதற்கு மேல் முறுக்கினால்தான் மெயின் ஜெட் பேச ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் வெடிப்பதும், நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போது அமுங்குவதும் ஸ்லோ ஜெட் பகுதியில் பெட்ரோல் போதவில்லை என்பதற்கான அடையாளம். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் இந்த இரண்டும் அப்படியே இருக்கும், மைலேஜ்தான் குறையும்.

சோக்கை வைத்து இதை நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அமுங்கும் அந்த வேகத்தில் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்து ஓடினால் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் கூடுதல்.

கோன் பில்டர் போட்டதும் ஏன் குறைந்தது? கார்புரேட்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல்தான் ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. ஏர் பாக்ஸின் குறுகிய வாயும் அந்த உறிஞ்சலுக்குக் கொஞ்சம் துணை செய்கிறது. அதை எடுத்துவிட்டால் காற்று சுலபமாக வரும், உறிஞ்சல் தளரும், அதே காற்றுக்கு வரும் பெட்ரோல் குறைந்துவிடும்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இருப்பது சிவி கார்புரேட்டர். நீங்கள் முறுக்கும் கேபிள், நீடிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் ஸ்லைடைத் தூக்காது. அது ஒரு பட்டாம்பூச்சி வால்வை மட்டும் திறக்கும். ஸ்லைடைத் தூக்குவது டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு. அதன் மேலே கார்புரேட்டர் தொண்டையின் உறிஞ்சல், கீழே பில்டர் பக்கத்துக் காற்றழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஸ்லைடு ஏறி இறங்குகிறது. ஏர் பாக்ஸ் அந்தக் காற்றை அமைதியாக வைத்திருக்கும். திறந்த கோனில் பக்கக் காற்று அடித்தாலே ஸ்லைடு தடுமாறும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கேபிளே ஸ்லைடைத் தூக்கும், அதில் கோன் பில்டர் போட்டு ஜெட் மாற்றிச் சமாளித்தவர்கள் நிறைய. உங்கள் மெக்கானிக் அந்த அனுபவத்தில் சொல்லியிருக்கலாம். இந்த வண்டிக்கு அது பொருந்தாது.

ஆகவே என் யோசனை: ஏர் பாக்ஸைத் திரும்பப் போடுங்கள், சுத்தமான பில்டருடன். 5,250 ஆர்பிஎம்மில் 19.8 பிஎச்பி தரும் 346 சிசி எஞ்சின் இது. கோன் பில்டரால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். மழைத் தண்ணீரும் ரோட்டுப் புழுதியும் சிலிண்டருக்குள் போக வாய்ப்பு அதிகம், அதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்து காற்றுக் கசிவு. சைலன்சர் மாற்றும்போது எஞ்சின் ஹெட்டில் சேரும் புகைக்குழாயின் (பெண்ட் பைப்) கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டார்களா? அங்கே சிறு கசிவு இருந்தாலும், ஆக்சிலேட்டரை விடும்போது வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து வெடிக்கும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் வெடித்தால், ஐடிலிங்கில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவுக்கு வாருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். பில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் குறையும். உங்களுடையது எஞ்சின் பக்க வகை. மெதுவாக முழுக்க மூடி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். சூடான எஞ்சினில் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போக வேண்டி வந்தால் மட்டும் ஸ்லோ ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். மைக்குனி கம்பெனி ஸ்லோ ஜெட்களின் எண் 2.5 என்ற படியில் ஏறும். பழைய ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே கம்பெனி ஜெட்டாக வாங்குங்கள். மைக்குனி எண்ணும் கெய்ஹின் கம்பெனி எண்ணும் ஒன்றல்ல. கம்பியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

நடு வேகத்திலும் வறட்சி (பெட்ரோல் போதாமை) தெரிந்தால் நீடிலுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போதும். மெயின் ஜெட்டுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்: காலியான சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போய், லேசாகக் குறைக்கும்போது வண்டி துள்ளி முன்னே இழுத்தால் மெயின் ஜெட் சிறியது.

ஜெட் கிட்டில் பொதுவாகப் பள்ளம் வெட்டிய நீடில், மென்மையான ஸ்பிரிங், சில மெயின் ஜெட்கள் வரும். சிலவற்றில் ஸ்லைடின் துளையைப் பெரிதாக்க ஒரு டிரில் பிட்டும் இருக்கும். அந்த டிரில்லைத் தொடாதீர்கள். துளை பெரிதானால் ஸ்லைடு வேகமாக ஏறி அதிரத் தொடங்கும், பிறகு ஸ்லைடையே மாற்ற வேண்டியதுதான். பட்டறையில் அப்படி வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

நம் பெட்ரோலும் மாறியிருக்கிறது. ஒரு பங்கு சாதாரண பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். உங்கள் ஜெட்கள் பழைய பெட்ரோலுக்கு வைத்தவை, ஆகவே எதையும் மாற்றாமலேயே வண்டி கொஞ்சம் வறண்டுதான் ஓடும். ஸ்க்ரூவை அரைச் சுற்று கூடுதலாகத் திறக்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம்.

டியூனிங்கை மதுரையிலேயே முடியுங்கள். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சரிசெய்த வண்டி கீழே இறங்கினால் வறண்டு சூடாகும். முடித்த கையோடு புகைச் சோதனை மையத்துக்குப் போய் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் வண்டிக்கு 3.5 சதவீதம் வரை அனுமதி. ஒன்றுக்கும் கீழே காட்டினால் ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்று திறக்கலாம்.