தபால் நிலையத்துப் பணமும் மூன்று ரூபாய் வட்டியும்

அன்புள்ள ஐயா,

முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். மனிதர்கள் அறிவுபூர்வமாக, முன்னுக்குப்பின் முரணில்லாமல் தேர்வு செய்வார்கள் என்கிறது பாடம். என் அம்மாவோ தங்கை பெயரில் தபால் நிலையத்தில் 40,000 ரூபாயை வைத்துக்கொண்டு, வெளியே மூன்று ரூபாய் வட்டிக்கு 10,000 வாங்குகிறார். கணக்குத் தெரியாத இவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கோட்பாடு எப்படி நிற்கும்? உளவியலாளர் டேனியல் கானமன் அதை உடைத்துவிட்டார்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கானமனும் அவருடைய சகா ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதிய கட்டுரை அந்தக் கோட்பாட்டை ஆட்டியது உண்மை. உடைத்ததா என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். என்னைத் தைத்தது 'கணக்குத் தெரியாத' என்ற சொல்தான்.

மாதாமாதம் 300 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறவருக்கா வட்டிக் கணக்கு தெரியாது? ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை, கத்தினேன்.

அக்காவின் படிப்புக்காக என் அம்மா தபால் நிலையத்தில் மாதாமாதம் ஆர்.டி. சேமிப்பு கட்டிவந்தார். வீட்டுக் கூரை ஒழுகிய வருஷம் அதைத் தொடாமல் பக்கத்துத் தெருவில் வட்டிக்கு வாங்கினார். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. எவ்வளவு நஷ்டம் என்று தாளில் போட்டு நீட்டினேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "வட்டிக்குக் குடுத்தவரு ஒண்ணாந்தேதியானா வாசல்ல வந்து நிப்பாரு, எப்படியாவது குடுத்துடுவேன். பாஸ்புக்ல எடுத்தா, திருப்பிக் கட்டுன்னு யாருடா வந்து நிப்பா?"

நான் போட்ட கணக்கில் வாசலில் வந்து நிற்கும் அந்த ஆள் இல்லை. சேமிப்பை உடைத்தால் பணம் வீட்டுக்குள் வரும். வந்த பணத்துக்கு அப்பாவின் செலவு, சித்தப்பாவின் அவசரம், ஊர்த் திருவிழா என்று ஆயிரம் கை நீளும். அக்காவின் படிப்பு கடைசியில்தான் நிற்கும். அது அம்மாவுக்குத் தெரியும். அக்காவின் பணத்துக்குக் காவலாகத்தான் அந்த வட்டியைக் கொடுத்தார். ஆண்டுக்கு 36 சதவீதம் கொடுமையான கூலிதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதைவிட மலிவான காவலை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 1993ல் எழுதிய கட்டுரையில் ஓர் ஆப்பிள் வரும். கூடையில் ஒரே ஒரு பழம் இருந்தால் விருந்தாளி அதை எடுக்க மாட்டார். இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்வார். தேர்வை மட்டும் பார்ப்பவருக்கு இது முரண். கடைசிப் பழத்தை எடுப்பது மரியாதையில்லை என்று அவர் நினைப்பதை அறிந்தவருக்கு இதில் முரணே இல்லை. ஒருவர் எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார் என்று தெரியாமல் அவரை முரண்பட்டவர் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்த வாரம் ஊருக்குப் போனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் கூரைக் கடன் ஒன்றரை வருஷத்தில் அடைந்தது. ஆர்.டி. முதிர்ந்த மாதம் அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார்.