பழைய டீசல் பிக்கப்பில் இன்ஜெக்டர் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் பழைய பிக்கப் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) உதறினாலோ, மேட்டில் கரும்புகை தள்ளினாலோ, எல்லோரும் முதலில் இன்ஜெக்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். டீசலைப் பனிப்புகை மாதிரி நுணுக்கி சிலிண்டருக்குள் தெளிக்கிற சின்னக் கருவி அது. துளி நுணுக்கமாக இருந்தால்தான் காற்றோடு கலந்து முழுசாக எரியும். சலூன் ஸ்ப்ரே பாட்டிலின் வாய் தேய்ந்துபோனால் தூறலுக்குப் பதில் தண்ணீர் ஒழுகுமே, அதே கதைதான் இங்கேயும். பெரிய துளி பாதி எரிந்து கரியாகிவிடும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் வரும் பைப்பின் நட்டையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்குவார்கள். தளர்த்தியதும் அந்த சிலிண்டருக்கு டீசல் போவது நின்றுவிடும்; அது நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தடுமாறும். மாறவே இல்லையா, கோளாறு அங்கேதான். சரி, அது இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் குறைந்ததா)? பக்கத்து இன்ஜெக்டரோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர்தான்.

நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புதுவகை) டீசல் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்; பீறிடும் டீசல் தோலையே துளைத்துவிடும்.

கழற்றியதை டீசல் பம்ப் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் டீசலைத் தெளிக்கும் நுனியான நாசிலை மட்டும் மாற்றினாலே போதும். திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதுசாக இருக்கட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், கரும்புகை என்றாலே இன்ஜெக்டர் என்பது தவறு. ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அதே புகைதான். திசையன்விளைத் தேரிச் செம்மணல் புழுதியில் ஓடும் வண்டிக்கு முதலில் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.