சரிசமம் என்பதால்தான்!

கேள்வி: பிரேசில் எழுத்தாளர் டியாஸ் கோமெஸின் நாடகம் படமாகி, 1962இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அழுகாச்சி சீரியல் எழுதிய அவர் மனைவி ஜனெச்சி கிளேரையும் ஏன் சரிசமமாகச் சேர்க்கிறீர்கள்? - வாசகர், கோவை

பதில்: சரிசமம் என்பதால்தான். அந்த அம்மா எழுதிய எதையாவது பார்த்துவிட்டுத்தான் 'அழுகாச்சி' என்கிறீர்களா?

வானொலி நாடகங்களில் எழுதிப் பழகிய ஜனெச்சியை, 1967இல் குளோபோ தொலைக்காட்சி அழைத்தது. கூட்டம் கூட்டமாகப் பாத்திரங்கள், எகிறும் செலவு, பார்க்க ஆளில்லை என்று ஒரு தொடர் திணறிக்கொண்டிருந்தது. இவர் ஒரு பூகம்பத்தை எழுதினார். பெரும்பாலான பாத்திரங்கள் செத்துப்போக, மிச்சப்பட்டவர்களை வைத்துக் கதையை 20 ஆண்டுகள் தள்ளித் தொடங்கினார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேலை தெரிந்த கை.

பிறகு அவர் எழுதிய தொடர் 'செல்வா டி பெத்ரா'. 1972 அக்டோபரில், இறந்துவிட்டதாக நம்பப்பட்ட நாயகி வேறு பெயரில் வாழ்வது அம்பலமாகும் அத்தியாயம் வந்த இரவில், ரியோவில் ஓடிய டி.வி.க்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதுதான். அதே தொடரில் நாயகன் மறுமணம் செய்வதாக இருந்தது. மனைவி உயிரோடிருக்க இன்னொரு கல்யாணமா என்று ராணுவ அரசின் தணிக்கை தடுத்தது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார்.

நீங்கள் மெச்சும் கணவருக்கு வருவோம். 1965இல் தடைசெய்யப்பட்ட தன் நாடகத்தையே பெயர் மாற்றி 'ரோக்கே சாண்டேரோ' என்று தொடராக்கினார் கோமெஸ். தொலைபேசியில் நண்பரிடம் அவர் அதைச் சொன்னதை ராணுவ அரசு ஒட்டுக்கேட்டுவிட்டது. 1975 ஆகஸ்ட் 27, முதல் அத்தியாயம் வர வேண்டிய நாளிலேயே தடை விழுந்தது. எடுத்த அத்தியாயங்கள் வீண். நடிகர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சேனல் பழைய 'செல்வா டி பெத்ரா'வைச் சுருக்கி ஓட்டி நாளைக் கடத்தியது.

அந்த நேரத்தில் ஜனெச்சி இன்னொரு தொடரை எழுதிக்கொண்டிருந்தார். அதை இளையவர் கில்பெர்த்து பிராகாவிடம் கொடுத்துவிட்டு, தடைபட்ட தொடரின் முக்கிய நடிகர்களை வைத்தே புதிதாக ஒரு கதை பிடித்தார். நவம்பரில் 'பெக்காடோ கேப்பிட்டல்' ஒளிபரப்பாகிவிட்டது. வங்கிக் கொள்ளையர்கள் ஒரு டாக்சியில் பணப்பெட்டியை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். டிரைவர் கார்லாவோ நல்லவன்தான். கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? மாதக்கணக்கில் நாட்டையே அந்தக் கேள்வியோடு உட்காரவைத்தார். கடைசியில் ரியோவில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தில், பெட்டியோடு ஓடும் கார்லாவோ சுடப்பட்டுச் சாகிறான். ரசிகர்கள் கொண்டாடிய நாயகனைச் சாகடிக்க எத்தனை சீரியல்காரர்களுக்குத் துணிவு வரும்? பணத்தாசையைப் பற்றி இவ்வளவு கறாராக எழுதப்பட்டதை அழுகாச்சி என்று தள்ளுவது நியாயமே இல்லை. எத்தனை அவசரத்தில் எழுதியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1983இல் புற்றுநோயோடு போராடியபடி கடைசித் தொடரை எழுதினார். அந்த நவம்பரில், 58 வயதில், அதை முடிக்காமலே இறந்தார். மீதியை எழுதியவர் உதவியாளராக இருந்த குளோரியா பெரெஸ். இந்தியாவைக் களமாக வைத்து 'கமின்யோ தாஸ் இந்தியாஸ்' எழுதி, 2009இல் தொலைக்காட்சிக்கான சர்வதேச எம்மி விருதைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்த அதே பெரெஸ்தான். அவர் தொழில் கற்றது கான் பரிசு வாங்கிய கோமெஸிடம் அல்ல, ஜனெச்சியிடம்.