எம்ஜிபி கார்: மிதித்தால் கார்புரேட்டரில் வெடிக்கிறதா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் வைத்திருக்கிறேன். எஸ்யூ கம்பெனியின் எச்எஸ்4 மாடல், இரட்டை கார்புரேட்டர். ஐடிலில் ஒழுங்காக ஓடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் கார்புரேட்டர் பக்கம் 'படார்' என்று வெடித்து, பிக்கப் விழுந்துவிடுகிறது. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டைத் திருகிப் பார்க்கலாமா?

பதில்: நட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ஐடிலில் சரி, மிதித்தால் மட்டும் வெடிப்பு என்று நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

கலவையில் பெட்ரோல் குறைந்தால் அது மெதுவாக எரியும். அடுத்த சுற்றுக்கு இன்லெட் வால்வ் திறக்கும்போதும் சிலிண்டருக்குள் நெருப்பு மிச்சமிருந்தால், உள்ளே வரும் கலவையில் பற்றிக்கொண்டு கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வரும். சைலன்சரில் வெடிப்பது வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. இன்ஜின் சூடான பிறகு சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். கேபிளின் முதல் பகுதி ஐடிலை மட்டுமே ஏற்றும். அதைத் தாண்டி இழுத்தால்தான் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) இறங்கி, பெட்ரோல் கூடும். வெடிப்பு நின்றுவிட்டால் பெட்ரோல் பற்றாக்குறைதான்.

அப்படியானால் என் முதல் சந்தேகம் டேஷ்பாட் எண்ணெய், அதாவது கார்புரேட்டரின் மேல் உருளைக்குள் இருக்கும் எண்ணெய். மிதித்தவுடன் கார்புரேட்டர் பிஸ்டன் ஒரே தாவாக மேலே போகாமல் தடுப்பது அந்த எண்ணெய்தான். பிஸ்டன் மெல்ல ஏறும்போது ஜெட்டின் மேல் காற்று வேகமாகப் பாய்ந்து, அந்த நொடிக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும். எண்ணெய் வற்றினால் காற்றுதான் அதிகம் போகும். மேல் மூடியைக் கழற்றி, அதோடு வரும் டாம்பர் கம்பியைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். மூடி உட்கார சுமார் 6 மி.மீ. இருக்கும்போதே விரலுக்குத் தடை தெரிய வேண்டும். சரக்கென்று இறங்கினால் எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றுங்கள். இன்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 எண்ணெயையே ஊற்றுபவர்களும் உண்டு, அவசரத்துக்குத் தப்பில்லை. கையோடு, டாம்பரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே மாதிரி 'டக்' என்று விழ வேண்டும்.

எண்ணெய் சரியாக இருந்தும் வெடித்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். த்ராட்டில் ஷாஃப்ட்டை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் அச்சு) மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்த வயதுக்குத் தேய்ந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. மேனிஃபோல்ட் கேஸ்கட் பக்கம் கசிகிறதா என்று பார்க்கப் பலர் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். இந்த இன்ஜினில் அது வேண்டவே வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழேதான் இருக்கிறது, ஸ்பிரே பற்றிக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியைக் கேஸ்கட் ஓரமாக நகர்த்துங்கள். 'உஸ்' சத்தமே காட்டிக்கொடுக்கும். ஏர் ஃபில்டர் இல்லாமல் வண்டியை ஓட்டாதீர்கள். வெடித்து வரும் நெருப்பு வெளியே வந்தால் போனட்டுக்குள் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் கூடினால் அதே ஜெட் அளவில் கலவை கொஞ்சம் மெலியும். எண்ணெயும் கசிவும் சரி என்று தெரிந்த பிறகுதான் ஜெட் நட்டுக்கு வரவேண்டும். கீழ்நோக்கி ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, இறக்கினால் பெட்ரோல் கூடும். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. இல்லையென்றால் எத்தனால் குறைந்த இ5 பெட்ரோல் போடுங்கள். ரப்பர் குழாய்களுக்கும் நல்லது.

சரி, சோக் இழுத்தும் வெடிப்பு நிற்கவில்லையா? கார்புரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. இரண்டு பிளக் வயர் இடம் மாறியிருந்தால் ஐடிலிலேயே மிஸ் ஆகியிருக்கும். உங்களுக்கு அது இல்லை. ஆகவே டைமிங், அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள், ரோட்டார் ஆர்மில் விரிசல், கண்டென்சர் ஆகியவற்றைப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் ராக்கர் கவரை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) திறங்கள். டேப்பெட் இடைவெளி 0.38 மி.மீ. வைத்துவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி எட்டு வால்வுகளும் எவ்வளவு திறக்கின்றன என்று அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வ் ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாகத் திறந்தால், அதைத் தள்ளித் திறக்கும் கேம் தேய்ந்திருக்கிறது. அந்த சிலிண்டரின் புகை முழுதாக வெளியேறாமல் கார்புரேட்டர் வழியாகத்தான் திரும்பும். அப்போது கேம்ஷாஃப்ட்டோடு டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.