ஐந்து நிமிடத்தில் மறையும் சேர்வர்: நெட்வேர்க் காட் மாற்ற வேண்டுமா?

கேள்வி: விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு வீட்டுச் சேர்வராக வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பாட வீடியோக்களையும் குடும்பப் படங்களையும் மினிடிஎல்என்ஏ என்ற மென்பொருள் மூலம் டிவியில் பார்ப்போம். அண்மையில் வவுனியாவில் பாவித்த மனேஜ்ட் சுவிட்ச் (அமைப்புகளை நாங்களே மாற்றக்கூடிய நெட்வேர்க் சுவிட்ச்) ஒன்று வாங்கி, சேர்வரையும் டிவியையும் அதில் குத்தினேன். அன்றிலிருந்து சேர்வரை ரீஸ்டார்ட் செய்தால் நாலைந்து நிமிடம் டிவியில் பெயர் தெரிகிறது, பிறகு காணாமல் போகிறது. போனில் சேர்வரின் முகவரியான ஐபி இலக்கத்தை அடித்தால் எந்த நேரமும் திறக்கிறது. கடைக்காரர், "காட் போய்விட்டது, இன்டெல் சேர்வர் காட் போடுங்கோ" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஐபி அடித்தால் திறக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காட் செத்திருந்தால் அதுவும் திறக்காது. கெட்டுப்போனது மல்டிகாஸ்ட், அதாவது ஒரே தகவலைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் முறை, மட்டும்தான். சேர்வரின் ஐபி டிவிக்குத் தெரியாது. அதனால் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, "இங்கே படம் வைத்திருப்பவர் யார்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி சேர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பதில் வரும். உங்கள் வீட்டில் அதைச் சுவிட்ச் நடுவழியில் போட்டுவிடுகிறது.

நாலைந்து நிமிடம் என்ற கணக்குத்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. மனேஜ்ட் சுவிட்ச்களில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்றொரு வசதி உண்டு. எந்தப் போட்டில் (வயர் குத்தும் துளையில்) இருப்பவருக்கு எந்த மல்டிகாஸ்ட் வேண்டும் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். நெட்வேர்க்கில் யாராவது ஒருவர் 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் வேண்டுமா?" என்று கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிக் கேட்பவர் குவெரியர். வழமையான அமைப்பில் 260 விநாடிக்குள், அதாவது 4 நிமிடம் 20 விநாடிக்குள், பதில் வராவிட்டால் சுவிட்ச் பெயரை வெட்டிவிடும். வீட்டு ரவுட்டர்கள் பல இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை, பெயரை மட்டும் வெட்டியாயிற்று. வன்னியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ரீஸ்டார்ட் செய்யும்போது சேர்வர் தானாகப் போய்ப் பெயரைப் பதிகிறது, அதனால்தான் மீண்டும் தெரிகிறது.

இதைச் சோதிக்க ஒரு சதமும் செலவில்லை. சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு, சேர்வரையும் டிவியையும் நேரே ரவுட்டரின் லான் போட்களில் குத்துங்கள். அரை மணித்தியாலம் கழித்தும் பெயர் நின்றால் குற்றவாளி சுவிட்ச். பிறகு அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை நிறுத்துங்கள். ஒரு டிவியும் நாலு போனும் உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை. நிறுத்த மனமில்லையென்றால் அதே பக்கத்தில் குவெரியர் இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள். பாவித்த சாமான் என்பதால் பாஸ்வேர்ட் தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் ரீசெட் ஓட்டையில் ஊசியால் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

ரவுட்டரிலும் இதே தெரிவு இருக்கலாம், ஆனால் இன்டர்நெட் கம்பனிக்காரர் உங்களை அதற்குள் விடமாட்டார்கள். மாதாமாதம் காசு கட்டுவது நாங்கள், வீட்டுச் சுவரில் தொங்குவதும் எங்கள் கரண்டில் ஓடுவதும் அந்தப் பெட்டி, ஆனால் அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் கம்பனி ரகசியம். அழைத்துக் கேட்டால், "இன்டர்நெட் வேலை செய்யுதுதானே?" என்பார்கள். வேலை செய்கிறது, ஐயா. எங்கள் வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பெட்டிகளைப் பேசவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அவர்களோடு மல்லுக்கட்டாமல் சுவிட்சோடு நின்றுகொள்ளுங்கள்.

சரி, நெட்வேர்க் காட்டில் பிழை இருக்கவே முடியாதா? முடியும். சுவிட்சைக் கழற்றியும் பெயர் மறைந்தால் இதைப் பாருங்கள். எந்த மல்டிகாஸ்டை உள்ளே விடுவது என்று வடிகட்ட ஒவ்வொரு காட்டிலும் ஒரு சல்லடை உண்டு. காட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிழையாக எழுதப்பட்டிருந்தால் அந்தச் சல்லடை வேண்டியதையும் தள்ளிவிடும். கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையானது. நெட்வேர்க்கில் வந்துபோவதைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) என்ற கருவியைச் சேர்வரில் ஓடவிட்டுக்கொண்டே டிவியைப் பாருங்கள். ஓடும்வரை பெயர் தெரிந்து, நிறுத்தியதும் மறைந்தால் பிழை சல்லடையில்தான். அந்தக் கருவி வேவு பார்ப்பதற்காகக் காட்டின் சல்லடையை முழுதாகத் திறந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும்போது நல்ல பிள்ளை, பார்க்காதபோது குழப்படி. சல்லடையைத் திறக்காமல் பார்க்க வேண்டுமென்றால் -p (சிறிய எழுத்து) என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். பிழை இதுதான் என்று உறுதியானாலும் புதுக் காட் வேண்டியதில்லை. எல்லா மல்டிகாஸ்டையும் உள்ளே விடும் ஆல்மல்டிகாஸ்ட் (allmulticast) என்ற அமைப்பை அந்தக் காட்டுக்கு இயக்கினால் போதும். ரீபூட்டில் அது அழிந்துவிடும் என்பதால் சேர்வர் தொடங்கும்போது தானாக ஓடும்படி எழுதிவையுங்கள்.

காட் உண்மையிலேயே சாவதற்கு மின்னல் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை இடியில், ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வெளியால் இழுத்த லான் வயர் இருந்தால் போட் பொசுங்கலாம். சிலவேளை போட்டின் விளக்கு எரியும், ஆனால் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அது வேறு நோய்.

இனி அந்த "சேர்வர் காட்" கதை. பாவித்த இன்டெல் காட் என்று விற்பதில் போலிகள் நிறைய. கம்ப்யூட்டரில் போட்டால் இன்டெலின் அடையாள எண்ணான 8086 வருகிறதே என்று கடைக்காரர் காட்டுவார். போலியிலும் அதே எண் வரும். நல்லதே கிடைத்தாலும், உங்களிடம் இருப்பது மெல்லிய ஆபீஸ் பெட்டியென்றால் உயரமான தகடுள்ள காட் உள்ளே நிற்காது. தகட்டைக் கழற்றிவிட்டு டேப் ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

எப்படியும் கடையில் காட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். காட்டைச் சோதிக்க லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவ் போதும். டிஸ்க்கோடு கொடுத்தால், "ஒருக்கா ஃபோர்மட் பண்ணிப் பார்த்தம்" என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். உங்கள் குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.